பீரில் தக்காளி ஜூஸ்: கலக்கும் முன் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மெக்சிகோவில் மிச்செலாடா. அமெரிக்காவின் நெப்ராஸ்கா பக்கம் ரெட் பீர். மேற்குக் கனடாவிலும் ஜப்பானிலும் ரெட் ஐ. பெயர் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான்: சில்லென்ற லேகர் பீரில் தக்காளி ஜூஸ். மெக்சிகோக்காரர்கள் அதோடு எலுமிச்சை, உப்பு, மிளகாய் சாஸ் எல்லாம் சேர்ப்பார்கள். வெயிலுக்கு நல்ல ருசி. அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்தச் சிவப்பு நிறத்துக்குள் பல விஷயங்கள் ஒளிந்திருக்கும். எவ்வளவு ஆல்கஹால், எவ்வளவு உப்பு, உள்ளே மீன் உண்டா, பீர் கெட்டிருக்கிறதா என்று கண்ணும் சொல்லாது, நாக்கும் சொல்லாது. சுத்த சைவக்காரர்கள் ஜூஸில் கலந்திருந்த மட்டிச் சாற்றைத் தெரியாமல் குடித்துவிட்டு மனம் நொந்ததுண்டு. ‘ஜூஸ் மாதிரிதானே இருந்தது’ என்று வண்டியை எடுத்து மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. நீங்கள் குடிக்கிறவர் என்றால், மெக்சிகோவுக்கோ அமெரிக்காவுக்கோ போகிறவர் என்றால், வீட்டிலேயே கலந்து பார்க்க ஆசைப்படுகிறவர் என்றால், இந்த இரண்டு பட்டியலையும் படித்துவிட்டு கிளாஸைத் தொடுங்கள்.

செய்ய வேண்டியவை

1. ஆர்டர் கொடுக்கும் முன் உள்ளே என்னென்ன சேர்ப்பார்கள் என்று கேளுங்கள். ஒரே பெயர் ஊருக்கு ஊர் வேறு பொருளில் வரும். மெக்சிகோ சிட்டியில் பல கடைகளில் மிச்செலாடா என்றால் எலுமிச்சையும் உப்பும் மட்டும். சாஸ் சேர்த்தால் அது குபானா. வேறு ஊர்களில் எலுமிச்சை, உப்பு மட்டும் போட்டது செலாடா. சாஸ் சேர்ந்ததுதான் மிச்செலாடா. கனடாவில் சீசர் என்று கேட்டால் வருவது பீர் அல்ல, வோட்கா. 1969இல் கால்கரியில் வால்டர் செல் என்பவர் உருவாக்கிய காக்டெய்ல் அது. அங்கே பீர் வேண்டுமென்றால் ரெட் ஐ என்றே கேளுங்கள்.

2. ஜூஸ் பாட்டிலின் லேபிளைத் திருப்பிப் படியுங்கள். மெக்சிகோ உட்பட வட அமெரிக்காவில் இந்தப் பானத்துக்கு அதிகம் ஊற்றுவது கிளமாட்டோ. பார்த்தால் தக்காளி ஜூஸ்தான். ஆனால் அதில் மட்டிச் சாறு கலந்திருக்கிறது. இறால், நண்டு, மட்டி அலர்ஜி உள்ளவர்களுக்கு ஒரு வாயே ஆபத்தாகலாம். உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

3. சைவம் என்றால் சாஸையும் பெயர் சொல்லித் தவிர்க்கச் சொல்லுங்கள். வொர்ஸ்டர்ஷையர் சாஸில் நெத்திலி சேர்ப்பது வழக்கம். லீ அண்ட் பெரின்ஸிலும் உண்டு. மெக்சிகோவில் இதற்கு சால்சா இங்லேசா என்று பெயர். ‘நான் சைவம்’ என்று மட்டும் சொன்னால், பலருக்குச் சாஸ் நினைவுக்கே வராது. ‘சின் கிளமாட்டோ, சின் சால்சா இங்லேசா’ என்று கேளுங்கள். கிளமாட்டோ வேண்டாம், அந்தச் சாஸும் வேண்டாம் என்று அர்த்தம். வீட்டில் கலக்கும்போது கொஞ்சம் புளிக்கரைசலும் சில சொட்டு சோயா சாஸும் போதும். வொர்ஸ்டர்ஷையர் சாஸின் புளிப்பிலும் புளிக்குப் பங்குண்டு என்பதால் ருசி பெரிதாக மாறாது.

4. கலப்பதற்கு முன் பீரைத் தனியாக ஒரு வாய் குடித்துப் பாருங்கள். தக்காளியும் மிளகாயும் சேர்ந்துவிட்டால் கெட்ட பீரைக் கண்டுபிடிக்கவே முடியாது. வெளிச்சம் பட்ட பீரில் ஒருவித நாற்றம் அடிக்கும். பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பொருள் ஒளியில் உடைந்து கந்தகச் சேர்மமாக மாறுவதுதான் காரணம். தேதியையும் பாருங்கள். தனியாகக் குடிக்க லாயக்கில்லாத பீர் கலக்கவும் லாயக்கில்லை.

5. லேசான லேகர் பீரைத் தேர்ந்தெடுங்கள். தக்காளியின் புளிப்புக்கும் உப்புக்கும் இடம் விடுவது அதுதான். 1925இலிருந்து வரும் கொரோனா, மொடேலோ எஸ்பெசியால், எல்லை நகரத்தின் பெயரைத் தாங்கிய டெக்காத்தே, மசாத்லானில் பிறந்த பசிஃபிகோ எல்லாமே இதற்குப் பொருந்தும். கொஞ்சம் மால்ட் ருசி பிடிக்கும் என்றால் வியன்னா பாணியில் காய்ச்சிய விக்டோரியாவைக் கேளுங்கள். உங்கள் ஊரில் இவை கிடைக்காவிட்டால் கசப்பு குறைந்த எந்த லேகரும் சரி.

6. ஆல்கஹால் சதவீதத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மெக்சிகோவின் சாதாரண லேகர்களில் சுமார் 4.5 சதவீதம். இந்தியாவில் ஸ்ட்ராங் என்று விற்பது 5 சதவீதத்துக்கு மேல், 8 சதவீதம் வரை இருக்கும். அதே அளவு டின், அதே அளவு ஜூஸ். ஆனால் உள்ளே போகும் ஆல்கஹால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மெக்சிகோ செய்முறையை ஸ்ட்ராங் பீரில் செய்தால் கணக்கு முழுவதும் தப்பிவிடும்.

7. பீரோடு ஜூஸையும் கிளாஸையும் ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர வையுங்கள். ஜூஸ் வெதுவெதுப்பாக இருந்தால் பீரில் கரைந்திருக்கும் கேஸ் சட்டென்று வெளியேறும். குடிக்கும்போது சப்பென்று இருக்கும். எல்லாம் குளிர்ந்திருந்தால் ஐஸே தேவைப்படாது. ஐஸ் குறைந்தால் பானம் நீர்த்துப்போகாது. வெளியூரில் ஐஸ் செய்த தண்ணீரைப் பற்றிய பயமும் குறையும்.

8. உப்பில்லாத தக்காளி ஜூஸாகப் பாருங்கள். கிடைக்காவிட்டால் வீட்டில் செய்யுங்கள். நன்றாகப் பழுத்த தக்காளியை வேகவைத்து, அரைத்து, மெல்லிய சல்லடையில் வடிகட்டிக் குளிர வைத்தால் போதும். வடிகட்டுவதைத் தவிர்க்காதீர்கள், ஒவ்வொரு சக்கைத் துணுக்கிலும் கேஸ் குமிழ்கட்டி நுரை பொங்கும். நீங்களே செய்தால் மட்டியும் இல்லை, நெத்திலியும் இல்லை, எவ்வளவு உப்பு என்பதும் உங்கள் கையில்.

9. ஜூஸை முதலில் ஊற்றுங்கள், பீரைப் பிறகு மெதுவாக ஊற்றுங்கள். பாதி எலுமிச்சை, சில சொட்டு மிளகாய் சாஸ், அதன்மேல் 90 முதல் 120 மி.லி. ஜூஸ், பிறகு கிளாஸைச் சாய்த்துப் பிடித்து 355 மி.லி. பீரை ஓரமாக இறக்குங்கள். பீர் இறங்கும் வேகத்திலேயே எல்லாம் கலந்துவிடும். முதல் தடவை ஜூஸைக் குறைத்தே வையுங்கள். பிறகு சேர்க்கலாம், எடுக்க முடியாது. கொஞ்ச நேரம் வைத்தால் ரசம் தெளிவது போல ஜூஸ் அடியில் தங்கும். லேசாக ஒரு சுற்று சுற்றினால் சரியாகிவிடும்.

10. கிளாஸ் விளிம்பில் பாதிக்கு மட்டும் உப்பு தடவுங்கள். அரை டீஸ்பூன் உப்பில் சோடியம் சுமார் 1,150 மில்லிகிராம். கடையில் வாங்கும் சாதாரண தக்காளி ஜூஸ் 120 மி.லி.யில் சுமார் 300. ஒரு டீஸ்பூன் சோயா சாஸில் இன்னொரு 300. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் அளவே 2,000 மில்லிகிராமுக்குக் கீழ். ஒரே கிளாஸில் அதன் பெரும்பங்கு போய்விடும். பாதி விளிம்பு என்றால் உப்பு வேண்டாதபோது மறுபக்கம் குடிக்கலாம்.

11. எலுமிச்சை பிழிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் கடும் வெயில் விழுந்தால் தீக்காயம் போலக் கொப்புளம் வரும். கறுப்புத் தழும்பு வாரக்கணக்கில் நிற்கும். பச்சை எலுமிச்சையின் தோலில் உள்ள ஒரு பொருள் சூரிய ஒளியோடு சேர்ந்து செய்யும் வேலை அது. கடற்கரையில் உட்கார்ந்து கலக்குகிறவர்களுக்குத்தான் இது அதிகம் நேர்கிறது. நிழலில் பிழியுங்கள், குழந்தைகள் மேல் தெறிக்காமல் பாருங்கள்.

12. சாப்பிட்டுவிட்டுக் குடியுங்கள், ஒவ்வொரு கிளாஸுக்கும் நடுவில் தண்ணீர் குடியுங்கள். வெறும் வயிற்றில் ஆல்கஹால் வேகமாக ரத்தத்தில் ஏறும். இந்தப் பானத்தின் உப்பும் காரமும் தாகத்தைத் தூண்டும். தாகத்தை அடுத்த பீரால் தணிக்கப் போனால் கணக்கு கைமீறும்.

13. மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் டாக்டரிடம் இன்றே கேளுங்கள். மெட்ரோனிடசோல் எடுக்கும் நாட்களில் மதுவைத் தொடக்கூடாது. இன்சுலினும் சில சுகர் மாத்திரைகளும் மதுவோடு சேர்ந்தால் சர்க்கரை அளவு அபாயமாகக் கீழே இறங்கலாம். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம். தக்காளி சேர்ந்ததால் இதில் எதுவும் மாறாது.

14. முதல் வாய்க்கு முன்பே வீட்டுக்குத் திரும்பும் வழியை முடிவு செய்யுங்கள். குடித்த பிறகு எடுக்கும் முடிவு உங்களுடையதாக இருக்காது. மெக்சிகோ சிட்டியில் 2003 முதல் சாலையில் நிறுத்தி ஊதச் சொல்கிறார்கள். அளவு தாண்டினால் எல் டொரிட்டோ என்ற காவல் மையத்தில் 20 முதல் 36 மணி நேரம் வைப்பார்கள். இந்தியாவில் 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம். டாக்ஸி வாடகை இதற்கெல்லாம் முன்னால் சின்னத் தொகை.

செய்யக்கூடாதவை

1. ஜூஸ் கலந்தால் போதை குறையும் என்று நினைக்காதீர்கள். 4.5 சதவீத பீர் 355 மி.லி.யோடு 120 மி.லி. ஜூஸ் சேர்த்தால் சதவீதம் 3.4க்கு இறங்கும். ஆனால் கிளாஸ் முழுவதும் குடிக்கும்போது உள்ளே போவது அதே 12 கிராம் சொச்சம் ஆல்கஹால்தான். ருசி ஜூஸ் போல இருப்பதால் வேகமாகக் குடித்துவிடுகிறோம்; ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

2. லிட்டர் டம்ளரை ஒரு பீர் என்று எண்ணாதீர்கள். மெக்சிகோ சிட்டியின் டெப்பிட்டோ போன்ற இடங்களில் மிச்செலாடா பெரிய டம்ளர்களில் வரும். அங்கே ககுவாமா என்று சொல்லும் பெரிய பாட்டில் 940 மி.லி. ஒரு பாட்டிலை முழுதாகக் குடித்தால் சுமார் 33 கிராம் ஆல்கஹால். அமெரிக்கக் கணக்கில் 14 கிராம் ஒரு டிரிங்க்; ஆக இது இரண்டுக்கும் மேல். டம்ளரை எண்ணாதீர்கள், பாட்டிலை எண்ணுங்கள்.

3. ஹேங்ஓவருக்கு மருந்தாகக் குடிக்காதீர்கள். ‘காலையில் ஒரு மிச்செலாடா போட்டால் தலைவலி பறந்துவிடும்’ என்று மெக்சிகோவில் அன்போடு நீட்டுவார்கள். உப்பும் நீரும் கொஞ்சம் இதம் தரும், உண்மை. அதில் உள்ள பீர் தலைவலியைத் தள்ளிப்போடுமே தவிரத் தீர்க்காது. ஈரலுக்கு இன்னொரு சுமையும் ஏறும். காலையில் குடித்தால்தான் சரியாகிறது என்ற நிலை வந்துவிட்டால் அது பழக்கம் முற்றியதன் அடையாளம், டாக்டரைப் பாருங்கள்.

4. உங்களுக்கு மிகவும் பிடித்த, விலை அதிகமான பீரைக் கலக்காதீர்கள். ஐபிஏ போன்ற ஹாப்ஸ் தூக்கலான பீரின் கசப்பு தக்காளியோடு சேர்ந்தால் உலோகம் நக்கியது போல ஒரு ருசி வரும். ஸ்டவுட்டின் வறுத்த மணம் தக்காளிக்கு அடியில் காணாமல் போகும். இரண்டையும் தனியாகக் குடித்தால்தான் அவற்றைக் காய்ச்சியவரின் உழைப்புக்கு மரியாதை.

5. கெட்சப்பையோ தக்காளி பியூரியையோ ஜூஸுக்குப் பதிலாக ஊற்றாதீர்கள். கெட்சப்பில் சர்க்கரையும் வினிகரும் அதிகம். பீர் இனித்துக் குமட்டும். பியூரி கெட்டியாக அடியில் தங்கி நுரையை மட்டும் கிளப்பும். ஜூஸ் இல்லையா, அன்று எலுமிச்சையும் உப்பும் மட்டும் போட்ட செலாடா போதும்.

6. நிறைந்த பாட்டிலிலோ டின்னிலோ ஜூஸையும் உப்பையும் போடாதீர்கள். உப்புத் துகளும் தக்காளிச் சக்கையும் பட்ட நொடியில் கேஸ் முழுவதும் நுரையாகப் பொங்கி மேசையில் வழியும். கலந்த பானத்தை மூடிக் குலுக்குவதும் அதே தவறு. மூடி தெறித்துக் கண்ணில் படலாம்.

7. அவசரத்துக்கு பீர் பாட்டிலை ஃப்ரீசரில் வைத்து மறக்காதீர்கள். பீர் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழேயே உறையத் தொடங்கும்; உறைந்தால் விரியும், பாட்டில் வெடிக்கும். ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் முக்கி வையுங்கள். அதுவே வேகமான வழி, ஆபத்தும் இல்லை.

8. வெள்ளைக் கண்ணாடி பாட்டிலை வெயிலில் வைக்காதீர்கள். ஒளி உள்ளே புகுந்தால் கொஞ்ச நேரத்திலேயே பீரின் மணம் கெட ஆரம்பிக்கும். பச்சைக் கண்ணாடி ஓரளவுதான் காக்கும். பழுப்புக் கண்ணாடி நன்றாகக் காக்கும். டின் முழுமையாகக் காக்கும். கடற்கரைக்கு டின்தான் நல்லது. உடைந்த கண்ணாடி யார் காலிலும் ஏறாது.

9. பச்சை முட்டையை உடைத்து ஊற்றாதீர்கள். 1988இல் வந்த ‘காக்டெய்ல்’ என்ற ஹாலிவுட் படத்தில் ரெட் ஐயில் பச்சை முட்டை போடுவார்கள். அதைப் பார்த்து இன்றும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பச்சை முட்டையில் சால்மோனெல்லா இருக்கலாம். பீரில் உள்ள ஆல்கஹால் அதைக் கொல்லப் போதாது. படத்துக்கு அழகு, உங்கள் வயிற்றுக்கு வேண்டாம்.

10. பிரஷர், கிட்னி, நெஞ்சு கரிப்பு இருந்தால் இதைத் தொடாதீர்கள். உப்பும் மதுவும் பிரஷரை ஏற்றும். தக்காளியில் பொட்டாசியம் அதிகம். கிட்னி பாதித்தவர்களால் அதை எளிதில் வெளியேற்ற முடியாது. தக்காளி, எலுமிச்சை, மிளகாய், ஆல்கஹால் நான்குமே நெஞ்சு கரிப்பைக் கிளப்பக்கூடியவை. இங்கே நான்கும் ஒரே கிளாஸில்.

11. கோதுமை ஒத்துக்கொள்ளாதவருக்கு ‘ஜூஸ்தான், குடி’ என்று கொடுக்காதீர்கள். வழக்கமான பீர் பார்லியில் செய்தது, அதிலும் கோதுமையைப் போலவே குளூட்டன் உண்டு. சோயா சாஸிலும் கோதுமை சேர்ப்பது வழக்கம். சீலியாக் நோய் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் போனாலும் குடல் பாதிக்கும்.

12. வீரியம் போதவில்லை என்று டெக்கீலாவோ வோட்காவோ சேர்க்காதீர்கள். தக்காளியும் மிளகாயும் அதன் எரிச்சலை முழுவதும் மறைத்துவிடும். எவ்வளவு ஊற்றினோம் என்பது எழுந்து நிற்கும்போதுதான் தெரியும். அடுத்தவர் கிளாஸில் அவருக்குத் தெரியாமல் சேர்ப்பது விளையாட்டு அல்ல, குற்றம்.

13. மெக்சிகோ சிட்டியில் இறங்கிய முதல் நாளே குடிக்க உட்காராதீர்கள். அந்த நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உடல் பழகும்வரை தலைவலியும் மூச்சு வாங்கலும் வரலாம். அதோடு போதையும் சேர்ந்தால் எது எதனால் என்றே தெரியாது. தெருவில் டம்ளரோடு நடப்பதையும் தவிருங்கள். பொது இடத்தில் குடிப்பது அங்கே சட்டப்படி தவறு.

14. கலந்து வரும் டின்களைக் குழந்தைகள் கைக்கு எட்டும்படி வைக்காதீர்கள். பட்வைசரும் கிளமாட்டோவும் சேர்ந்த டின் 2008இல் அமெரிக்கா முழுவதும் கடைக்கு வந்தது; இன்று இதுபோல் பல பிராண்டுகள் உண்டு. நிறமும் படமும் ஜூஸ் டின் போலவே இருக்கும். ஃப்ரிட்ஜில் மேல்தட்டில், தனியாக வையுங்கள். இளைஞர்களுக்கு ஊற்றும் முன் வயதையும் பாருங்கள்: மெக்சிகோவில் 18, அமெரிக்காவில் 21, கனடாவில் மாகாணத்தைப் பொறுத்து 18 அல்லது 19.

15. குடிக்காதவரை, கர்ப்பிணியை, குடியை விட்டவரை ‘ஒரு வாய்தானே’ என்று வற்புறுத்தாதீர்கள். கர்ப்ப காலத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது. குடியை விட்டு மீண்டவருக்கு அந்த ஒரு வாய் எல்லாவற்றையும் மீண்டும் தொடக்கிவிடலாம். அவர்களுக்கு சோடாவில் எலுமிச்சையும் உப்பும் தக்காளி ஜூஸும் கலந்து கொடுங்கள், மிளகாய்த்தூளும் தூவலாம். கிளாஸும் அதேபோல இருக்கும், கூட்டத்தில் அவர்கள் தனியாகவும் தெரியமாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. மதுவில் உடலுக்குக் கெடுதல் இல்லாத அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. தக்காளியின் சத்து அந்தக் கணக்கை மாற்றாது. ஆகவே குடிக்காதவர்கள் இதற்காகத் தொடங்க வேண்டாம். குடிக்கிறவர்கள் இன்றைக்கே இரண்டு காரியம் செய்யுங்கள்: வீட்டில் இருக்கும் ஜூஸ், சாஸ் பாட்டில்களின் லேபிளைப் படித்து, உங்களுக்கு ஆகாததை ஒதுக்கி வையுங்கள், அடுத்த முறை எத்தனை பாட்டிலோடு நிறுத்துவது என்பதை, குடிக்காத இந்த நேரத்திலேயே முடிவு செய்யுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத கிளாஸை யார் நீட்டினாலும் வாங்காதீர்கள்.